நலவடே சொன்ன மணிக்கணக்கு

சர்க்கரை ஆலையில் சீசன் தொடங்கும் நாளன்று பாய்லருக்குத் தீ மூட்டுவதற்கு முன்னால் சத்யநாராயண பூஜை நடக்கும். அதற்கு மணையில் உட்காரும் தம்பதியை இயக்குநர்கள் கூடிப் பேசித்தான் முடிவு செய்வார்கள். அந்த வருஷம் கெமிஸ்ட் பிரல்ஹாத் நலவடேயின் பெயர் வந்தது. அவருக்கு அது கடைசி சீசன், ஓய்வு பெறுகிற மனிதருக்கு ஆலை செய்கிற மரியாதை. சேதி காதில் விழுந்ததுமே அவர் மனைவி சுலபா கொல்ஹாப்பூருக்கு பஸ் ஏறிப் போய்ப் பச்சை நிறத்தில் ஒன்பது கஜப் புடவை எடுத்து வந்துவிட்டாள். நலவடேக்கோ அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"உங்களுக்கு என்னதான் வந்திச்சு? இந்த மணையில உக்கார அவனவன் சேர்மன் வீட்டு வாசல்ல தவம் கெடக்குறான்."

"முதுகு வலிக்குது சுலபா. அவ்வளவு நேரம் சம்மணம் போட முடியாது."

"லாபுல ஸ்டூல் மேல குனிஞ்சே காலத்தை ஓட்டினவருக்கு இப்பத்தான் முதுகு இருக்குறது தெரியுதா?"

முதுகுவலி என்பது பச்சைப் பொய். பூஜை முடிந்ததும் மணையில் உட்கார்ந்த தம்பதிதான் தங்கள் கையால் எல்லாருக்கும் பிரசாதம் கொடுக்க வேண்டும், அது அங்கே வழக்கம். ஆலைக்காரர்கள், பழைய ஆட்கள், கரும்பு போடும் விவசாயிகள் எல்லாரும் வரிசையில் வருவார்கள். அந்த வரிசையில் பழைய பிட்டர் தத்தோபாவும் வருவான். தத்தோபாவின் கையில் தன் கையால் பிரசாதம் வைப்பதைத்தான் நலவடேயால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பஞ்சகங்கைக் கரையில் கரும்புக்கு நடுவே காலம் தள்ளினாலும் நலவடே பிறந்தது தண்ணீர் இல்லாத சீமையில். சோளமும் ஆடும் தவிர அங்கே எதுவும் கிடையாது. கொல்ஹாப்பூருக்குப் படிக்க வந்த இடத்தில், மற்ற பையன்கள் தாலீமில் குஸ்தியும் டாக்கீஸில் படமும் என்று திரிந்தபோது, இவர் வேதியியலில் வினை வேகம் என்ற பாடத்தில் போய் மாட்டிக்கொண்டார். காதல் என்றுகூடச் சொல்லலாம், வேறு காதல் எதுவும் அவருக்கு வாய்த்ததாகத் தகவல் இல்லை.

அந்தப் பாடத்தில் அவரைப் பிடித்தது ஒரே ஒரு விஷயம். புளிப்பான சூடான தண்ணீரில் சீனி சும்மா இருக்காது. மெல்ல மெல்ல இரண்டாக உடையும். உடைந்ததும் இனிக்கத்தான் செய்யும், ஆனால் மணியாக உறையாது, மூட்டையில் ஏறாது. இந்த உடைவு எந்த வேகத்தில் நடக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை கிலோ என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் எவ்வளவு சீனி மிச்சம் இருக்கிறதோ அதில் ஒரு பங்கு போகும். அடுத்த மணியில், மிச்சத்தின் மிச்சத்தில் அதே பங்கு. நிறைய இருந்தால் நிறையப் போகும், குறைய இருந்தால் குறையப் போகும், பங்கு மட்டும் மாறாது. அந்தப் பங்கை மட்டும் கண்டுபிடித்துவிட்டால் இன்று மாலையும் நாளை காலையும் சாறு எப்படி இருக்கும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். புளிப்பு ஒரு படி ஏறினால் வேகம் பத்து மடங்கு. சூடு பத்து டிகிரி ஏறினால் இரண்டரை மடங்கு. நலவடேக்கு இதெல்லாம் மனப்பாடம். லாகரிதம் அட்டவணையைத் திறந்தால் கிழிந்த இடமெல்லாம் இந்தக் கணக்கு போட்ட பக்கம்தான்.

ஆலையில் இந்தக் கணக்குக்கு எப்போது வேலை என்றால், ஏதாவது உடைந்து எல்லாம் நிற்கும்போது. அரைத்த கரும்பு அரைத்தபடி இருக்க, சுண்ணாம்பு சேர்த்துச் சூடாக்கின சாறு தொட்டி தொட்டியாக நிற்கும். அதைத் திருப்பி அனுப்பவும் முடியாது, முன்னால் தள்ளவும் முடியாது. அப்போது எஞ்சினியர் லாபுக்குப் போன் போடுவார். "எவ்வளவு நேரம் தாங்கும்?"

கெமிஸ்ட் ஒரு மணிக்கணக்கு சொல்லுவார். அது உண்மைக் கணக்காக இருக்கவே இருக்காது. எட்டு வந்தால் நான்கு என்பார், ஆறு வந்தால் மூன்று என்பார். ஆலை முளைத்த நாளிலிருந்து இதுதான் நடைமுறை. ஏன் என்றால், உண்மையைச் சொன்னால் பிட்டர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள், திரும்பி வரும்போது தட்டுமுட்டுச் சாமான் ஏதாவது காணாமல் போயிருக்கும், அதைத் தேட ஒரு மணி நேரம். எஞ்சினியருக்கும் இது தெரியும். பழைய எஞ்சினியர் மோஹிதே, நலவடே வாயால் நான்கு என்று கேட்டால் மனசுக்குள் எட்டு என்று எழுதிக்கொள்வார். சில வீடுகளில் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் கூட்டி வைத்திருப்பார்கள், வீட்டில் எல்லாரும் பத்தைக் கழித்துக்கொண்டுதான் மணி பார்ப்பார்கள், அந்த மாதிரி. இரண்டு பேரும் பொய் சொல்லி, இரண்டு பேரும் நம்பாமல், வேலை மட்டும் சரியாக நடந்துகொண்டிருந்தது.

"என்ன நலவடே, இன்னிக்கு ரேட்டு என்ன?" என்பார் மோஹிதே.

"நாலு மணி நேரம்."

"சரி, சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு வரேன்."

மோஹிதே ஓய்வு பெற்றுப் போனார். நாசிக் பக்கத்திலிருந்து ஜகதாப் என்ற எஞ்சினியர் வந்தார். வயசு குறைவு, முறுக்கு அதிகம், ஆனால் கெட்டவர் இல்லை. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அந்த எண்ணாகவே எடுத்துக்கொள்வது அவர் குணம். முதல் தடவை சாறு நின்றபோது நலவடே நான்கு என்றார். ஜகதாப் கைக்கடிகாரத்தைக் கழற்றி கைப்பிடிக் கம்பி மேல் வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்தபடி அங்கேயே நின்றார். நான்காவது மணி முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பிட்டர்கள், மாமியார்கூட இப்படி விரட்டினதில்லை என்று முனகிக்கொண்டே டீக்கடைக்குப் போனார்கள்.

இங்கேதான் நலவடே சறுக்கினார். அன்றைக்கே ஜகதாப்பிடம் போய், "சாயேப், நாங்க சொல்ற நேரத்துல பாதி பொய், கொஞ்சம் கூட்டிக்கங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் அவர் சொன்ன வார்த்தையை ஒரு மனிதர் கழிக்காமல் கூட்டாமல் அப்படியே எடுத்துக்கொண்டது அவருக்கு அதுதான் முதல் தடவை. இத்தனை காலம் அரைவிலைக்குப் போன பேச்சு இப்போது முழுவிலைக்குப் போகிறது. லாபில் உட்கார்ந்தபடி மூன்று என்று சொன்னால் கீழே முப்பது பேர் ஓடுகிறார்கள். அந்த ருசி அவருக்குப் பிடித்துப் போயிற்று. வெளியே சொல்லக்கூடிய காரணம் இல்லை இது, ஆனால் இதுதான் காரணம்.

சங்கராந்தி முடிந்த கையோடு ஒரு நாள், சாறு காய்ச்சும் பெரிய கலங்களில் மூன்றாவது கலத்துக்குள் குழாய்கள் ஒழுகத் தொடங்கின. ஆலை நின்றது. வெளியே மாட்டுவண்டிகள் ரோடு வரைக்கும் நின்றன. அந்த வாரம் வந்த சுண்ணாம்பு மட்டம் என்பதால் சாறு வழக்கத்தைவிடக் கொஞ்சம் புளிப்பாகவே இருந்தது. நலவடே அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். எட்டு மணி நேரம் நின்றாலும் ஆலை தாங்கும்படியான நஷ்டம்தான் என்று வந்தது. போன் அடித்தது. சுண்ணாம்பு மட்டம் என்கிற பயமும் சேர்ந்துகொள்ள, பாதிக்கும் கீழே இறங்கி, "மூணு" என்றார்.

கொஞ்ச நேரத்தில் ஜகதாப்பே லாப் வாசலில் வந்து நின்றார். பூட்ஸில் சேறு, சட்டையெல்லாம் வேர்வை.

"நலவடே சாயேப், கூட ஒரு மணி நேரம் கெடைக்குமா?"

"மூணுன்னா மூணுதான். அதுக்கு மேல நின்னா சாறு என் பொறுப்பு இல்லே."

"கண்டிப்பா?"

"கணக்குன்னா கணக்கு, சாயேப்."

ஜகதாப் தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கினார். அந்த ஒரு மணி நேரம் எதற்கு என்று நலவடே கேட்கவில்லை.

அது தகட்டுக்கு. ஒரு கலத்துக்குள் ஆள் இறங்குவதென்றால், பக்கத்துக் கலத்திலிருந்து ஆவி வரும் குழாயின் இணைப்பைப் பிரித்து நடுவே ஒரு கனத்த இரும்புத் தகட்டைச் செருகி முடுக்க வேண்டும். வால்வு மூடியிருந்தாலும் தகடு போட வேண்டும் என்பது விதி. போட்டுக் கழற்ற ஒரு மணி நேரம் பிடிக்கும். மூன்று மணி நேரத்தில் ஒரு மணி தகட்டுக்கே போனால் குழாய் வேலை முடியாது. ஜகதாப் யோசித்தார், வால்வைத் தன் கையாலேயே ஒரு தடவை இறுக்கிப் பார்த்தார், தகடு வேண்டாம் என்றார்.

உள்ளே இறங்கினவன் தத்தோபா. ஒல்லி உடம்பு, கலத்தின் வாய் வழியாக நெளிந்து இறங்குவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. வாய் மட்டும் சும்மா இருக்காது. "இந்த ஓட்டை வழியா எங்க மாமனார் நுழைஞ்சா ஆலையை இடிச்சுத்தான் வெளிய எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் அன்றைக்கும் இறங்கினான். மூன்று மணி நேரம் நெருங்கியது. வேலை இன்னும் முடியவில்லை. அவன் ஏறி வந்த பிறகு நேரம் வீணாகக் கூடாதே என்று, அவன் உள்ளே இருக்கும்போதே பக்கத்துக் கலத்தைச் சூடேற்றச் சொன்னார் ஜகதாப், வால்வுதான் மூடியிருக்கிறதே. அந்த வால்வு பழையது, முழுசாக மூடவில்லை. கொதிக்கும் ஆவி தத்தோபா இருந்த கலத்துக்குள் பாய்ந்தது.

அவனை வெளியே இழுத்துக் கரும்பு லாரியிலேயே மிரஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் பிழைத்தான். வலது கண் போயிற்று. வலது கை விரல்கள் உள்ளங்கையோடு சுருண்டு ஒட்டிக்கொண்டன, பிறகு நிமிரவே இல்லை.

அன்றைக்கு ஆலை மறுபடி ஓடவில்லை. சாறு தொட்டியிலேயே நின்றது. மறுநாள் காலையில் நலவடே அதில் ஒரு கிண்ணம் எடுத்து வந்து, வடிகட்டி, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சீனி அளக்கும் கருவியில் கண்ணை வைத்துப் பார்த்தார். நூற்றுக்கு ஒன்றுக்கும் கொஞ்சம் மேலே சீனி போயிருந்தது, அவ்வளவுதான். எட்டு மணி நேரத்துக்கும் மேலாகவே நின்ற சாறு அவர் கணக்குப் போட்ட கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தது. வேறு நாளாக இருந்தால் அவர் லாப் முழுக்கக் காட்டிப் பீற்றியிருப்பார். அன்றைக்கு யாருக்கும் காட்டாமல் குழாயைக் கழுவிக் கவிழ்த்தார். மத்தியானம் ஆலை ஓடியது, அந்தச் சாறு வெள்ளைச் சீனியாகி மூட்டையில் ஏறிப் போயிற்று.

விசாரணை நடந்தது. வால்வு பழசு, தகடு போடவில்லை, எஞ்சினியர் அவசரப்பட்டார் என்று எழுதினார்கள். ஜகதாப் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு, அந்த சீசனோடு பெட்டியைக் கட்டினார். மூன்று மணி நேரம் என்று கெமிஸ்ட் சொன்னார் என்பதை அவர் ஒரு சாக்காகக்கூட எடுக்கவில்லை. சாறு கெடும் நேரம் என்பது அவருக்கு மழை வரும் நேரம் போல, அதற்கு யாரைக் குறை சொல்வது? நலவடேயைக் கூப்பிட்டு, சாறு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டார்கள். நன்றாக இருந்தது என்றார். நல்ல வேலை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சொல்லாமல் இருந்ததற்கு அவரிடம் எப்போதும் ஒரு காரணம் தயாராக இருந்தது. முதலில், தத்தோபா உயிருக்குப் போராடும்போது இது என்ன பேச்சு என்றிருந்தார். பிறகு, அவன் வீட்டுக்கு வந்து தேறட்டும் என்றிருந்தார். தேறின பிறகு, ஆறின புண்ணைக் கிளறுவானேன் என்றிருந்தார். அப்புறம் மகள் கல்யாணம் வந்தது, பேர் கெட்டால் சம்பந்தம் நிற்குமா என்றிருந்தார். கடைசியில், இத்தனை வருஷம் கழித்துச் சொன்னால் ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்பதே காரணமாகிவிட்டது. கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

அதற்குப் பிறகு யார் நேரம் கேட்டாலும் அவர் இரண்டாகப் பிரித்துத்தான் சொன்னார். "கணக்குல வந்தது எட்டு. என் பயத்துக்கு ரெண்டு கழிச்சுக்கங்க. எதுக்கு நேரம் வேணும்னு மொதல்ல சொல்லுங்க." பிட்டர்கள் சிரித்தார்கள். நலவடே சாயேப் காய்கறிக்காரி மாதிரி ரெண்டு விலை சொல்ல ஆரம்பிச்சுட்டாரு என்றார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு உள்ளே போய்க் கைகழுவும் தொட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார்.

தத்தோபாவால் வேலை பார்க்க முடியவில்லை. ஆலை அவன் மனைவி ஹௌசாபாய்க்கு சீனிக் கிடங்கில் பெருக்குகிற வேலை கொடுத்தது. தத்தோபா பகலெல்லாம் ஆலை கேட்டை ஒட்டி மாட்டுவண்டி நிற்கும் திடலில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். நலவடே அந்த கேட் வழியாகப் போவதையே விட்டுவிட்டுச் சுற்றுவழியில் ஆலைக்குப் போனார். நடந்தால் உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொல்லிக்கொண்டார். தீபாவளிக்கு மட்டும் சுலபாவிடம் சொல்லி சக்லி முறுக்கும் கரஞ்சி சோமாசியும் ஒரு டப்பாவில் போட்டு தத்தோபா வீட்டுக்கு அனுப்பச் சொல்லுவார். "உங்க மனசு யாருக்கு வரும்?" என்பாள் சுலபா. வெறும் டப்பாவைத் திருப்பித் தரக்கூடாது என்று ஹௌசாபாய் அதில் இடித்த வேர்க்கடலைச் சட்னி போட்டு அனுப்புவாள். பாக்ரி ரொட்டியோடு அதைத் தட்டில் வைத்தால் நலவடே பசி இல்லை என்று எழுந்துவிடுவார்.

பூஜை நாள் வந்தது. தப்பிக்க வழியில்லாமல் போய் மணையில் உட்கார்ந்தார். தலையில் தொப்பி, தோளில் அங்கவஸ்திரம், பக்கத்தில் பச்சைப் புடவையில் சுலபா, அவளுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். புரோகிதர் கதையைப் படித்துக்கொண்டே போனார். கதையில் வருகிறவர்களெல்லாம் சொன்ன வார்த்தையை மறந்து துன்பப்படுகிறவர்கள். நலவடே பூவைப் போடச் சொன்னால் அரிசியைப் போட்டார், அரிசியைப் போடச் சொன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"சாயேபுக்கு ஓய்வுன்னதும் கைகூட ஓய்வெடுத்துருச்சு போல" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, கூட்டம் சிரித்தது.

பிரசாத வரிசை தொடங்கியது. நெய் மணக்கும் ரவை ஷிராவை இலைத் தொன்னையில் வைத்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். தலை நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை, நீளும் கைகளை மட்டும் பார்த்தார். ஒரு இடது கை நீண்டது.

"வலது கை நிமிராது, சாயேப். இடது கைன்னு தப்பா எடுத்துக்காதீங்க."

நலவடே தொன்னையை வைத்தார்.  தத்தோபா நகரவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க ஊருக்குப் போயிட்டா நான் யார்கிட்டக் கேக்குறது? ஒரு நிமிசம் அந்தப் பக்கம் வாங்களேன்."

சுலபா, "நீங்க போங்க, நான் பாத்துக்குறேன்" என்றாள். பாய்லர் வீட்டுச் சுவர் ஓரமாகப் போய் நின்றார்கள். தத்தோபா தொன்னையைச் சுவரின் விளிம்பில் வைத்தான். தன் ஒற்றைக் கண்ணால் நலவடேயைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

"அன்னிக்கு எவ்வளவு சாறு வீணாப் போச்சு, சாயேப்?"

"என்னிக்கு?" என்றார் நலவடே, எந்த நாள் என்று நன்றாகத் தெரிந்தே.

"எனக்கு இப்படி ஆன அன்னிக்கு. யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. கேட்டா, பொழைச்சதே பெருசு, அதை எதுக்குக் கேக்குறேன்னுறாங்க." அவன் குரல் தாழ்ந்தது. "தப்பு எம்மேலதான். ஒரு குழாயில அடைப்பு அடிச்சேன். சரியா உக்காரலே. தட்டி எடுத்துட்டு வேற ஒண்ணு அடிச்சேன். மேலேந்து நேரமாச்சு வா வான்னு கத்துறாங்க. நான் இதோ இதோன்னுட்டே இருந்தேன். மூணு மணி நேரத்துக்கு மேல சாறு கெட்டுரும்னு நீங்க சொன்னது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மெத்தனமா இருந்துட்டேன். என் மச்சானோட கரும்பு மொத்தமும் அன்னிக்குத்தான் அரைச்சாங்க. இன்னிக்கு வரைக்கும் பேச்சுக்குப் பேச்சு, உன்னாலதான்டா எங்க சாறு சாக்கடைக்குப் போச்சுன்னுறான். கை போனதுகூட எனக்குப் பழகிப் போச்சு. ஊராரு கரும்பைக் கெடுத்துட்டோமேன்னு நெனைச்சா…"

 இவன் தன்னைத் திட்டுவான் என்று நலவடே எத்தனையோ வருஷமாக எதிர்பார்த்திருந்தார். இவன் தன்னிடம் குற்றவாளியாக வந்து நிற்பான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"சாறு கெடலே, தத்தோபா."

"சும்மா சொல்லாதீங்க."

"நானே காலைல பாத்தேன். நூத்துல ஒண்ணு போயிருக்கும். மிச்சமெல்லாம் சீனியாயிருச்சு. உன் மச்சான் கரும்புல ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகலே."

தத்தோபா சிரித்தான். "உங்க நல்ல மனசு. ஆனா உங்க கணக்கு தப்பாதுன்னு ஊருக்கே தெரியும், சாயேப். மூணு மணி நேரம்னு நீங்க சொன்ன சாறு விடிய விடிய நின்னா எப்படித் தாங்கும்? என் மனசு நோவக் கூடாதுன்னு பேசுறீங்க."

அங்கே தப்பிக்க ஒரு வாசல் திறந்தே இருந்தது. சிரித்து மழுப்பி, அவன் தோளைத் தட்டி, இன்னொரு தொன்னை ஷிரா கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அப்படி அனுப்பினால் தத்தோபா இதே பாரத்தோடு திரும்பிப் போவான், சாகும்வரை அதைச் சுமப்பான். அதை இறக்கி வைக்க வேறு யாராலும் முடியாது.

"கணக்கு தப்பலே. கணக்குல எட்டு மணி நேரம்னுதான் வந்திச்சு. நான் மூணுன்னு சொன்னேன்."

"எதுக்கு?"

"வழக்கம். எப்பவும் கொறைச்சுத்தான் சொல்லுவோம். இல்லேன்னா நீங்கல்லாம் டீ குடிக்கப் போயிருவீங்கன்னு." சொல்லும்போதே அந்த வார்த்தைகள் எவ்வளவு கேவலமாக இருக்கின்றன என்று அவருக்கே கேட்டது. "ஜகதாப்புக்கு அந்த வழக்கம் தெரியாது. இன்னும் ஒரு மணி நேரம் கெடைக்குமான்னு எங்கிட்ட வந்து கேட்டாரு. கெடைக்காதுன்னுட்டேன்."

தத்தோபா தன் சுருண்ட கையைப் பார்த்தான். பிறகு, "அந்த ஒரு மணி நேரம் தகடு போட" என்றான்.

"அப்புறமாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"அப்புறம்னா?"

"மறுநாள்."

தத்தோபா தலையை மட்டும் ஆட்டினான். கோபப்பட்டால் நலவடே தாங்கியிருப்பார். அவன் திரும்பி, வரிசைக்கு அந்தப் பக்கம் பெண்களோடு நின்றிருந்த மனைவியை உரக்கக் கூப்பிட்டான்.

"ஹௌசா, இங்க வா. சாறு கெடலையாம். எட்டு மணி நேரம் இருந்திச்சாம். நான் ஒண்ணும் மெத்தனமா வேலை பாக்கலையாம்."

அவன் குரலில் ஒரு சந்தோஷம், பரீட்சையில் தேறிவிட்டதாகச் சேதி வந்த பையனைப் போல. ஹௌசாபாய் வந்தாள். புருஷன் அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள். அவன் பாதி சொல்லும்போதே அவளுக்கு மீதி புரிந்துவிட்டது. அவள் நலவடேயைப் பார்த்தாள்.

"தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்து, அந்தக் குழாயைச் சீக்கிரம் அடிச்சிருக்கலாம் ஹௌசான்னு சொல்லுவாரு. இத்தனை வருசமும். எங்க வீடு உங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான், சாயேப்."

நலவடே தலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். 

"என் மச்சான்கிட்ட நீங்க வந்து சொல்லணும்" என்றான் தத்தோபா. "நான் சொன்னா நம்ப மாட்டான். நாளைக்கு வாரீங்களா?"

"நாளைக்கு எதுக்கு?" என்றாள் ஹௌசாபாய். "என் தம்பி இங்கதான் நிக்குறான். எல்லாரும் இங்கதான் நிக்குறாங்க. இப்பவே சொல்லட்டும்."

நலவடே அவளைப் பார்த்தார், பிறகு தத்தோபாவைப் பார்த்தார். அங்கவஸ்திரத்தை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் நடந்தார். பூஜை மேடை ஓரத்தில் சேர்மன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நலவடே கையை நீட்டிக் கேட்டதும் அவர் சிரித்தபடி கொடுத்துவிட்டு, "நம்ம நலவடே சாயேப் ரெண்டு வார்த்தை பேசப் போறாரு" என்று கூட்டத்தை அமைதிப்படுத்தினார்.

ஓய்வு பெறுகிறவர் நன்றி சொல்லப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். சுலபாதான் முதலில் கை தட்டினாள், பிறகு ஆலையே தட்டியது.